குறை சொல்லுங்கள், ஆனால் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கார் பந்தய வீடியோ கேம்கள் பற்றி அரைப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். மலைப்பாதைகளில் இளைஞர்கள் தாறுமாறாக ஓட்டுவதற்கு இந்த விளையாட்டுகள்தான் காரணம் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எந்த மலையில் வண்டி ஓட்டியவர், எந்த விளையாட்டை ஆடியவர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் குன்னூரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான் என் பிழைப்பு. ராத்திரி வீடு திரும்பினால் தங்கை மகனோடு உட்கார்ந்து பந்தயம் ஆடுவேன். இரண்டும் தெரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய விளையாட்டில் லைசென்ஸ் தேர்வு என்று ஒன்று உண்டு. வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், திரும்பி முடியும்போதுதான் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் திட்டித் திட்டிச் சொன்னதும் இதைத்தான். பையன் இன்னும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, "மாமா, அந்த வண்டி பிரேக் பிடிக்க லேட்டாயிடுச்சு" என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான். 2018-இல் வந்த ஃபோர்சா ஹொரைசன் 4 என்ற விளையாட்டு பிரிட்டனில் நடப்பது. நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். மழையில் ஒரு பிடி, பனியில் ஒரு பிடி என்று சாலை மாறுவதை விரலில் உணரலாம். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடித்துவிட்டால் ஒரு பட்டனை அழுத்தி, இடிப்பதற்கு முந்தைய நொடிக்கே திரும்பிப் போய்விடலாம். வேகத்தைக் குறைக்காமல் சுவரில் உரசிக்கொண்டே வளைவைக் கடந்துவிடலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நான் ஆடியவற்றில் பிரேக் சூடாவதே இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு. செங்குத்தான இறக்கம். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். விளையாட்டில் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடும் பழக்கமும் அதில் கிடையாது. குறை எழுத நினைத்தவர் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்!

பிரேக் தீய்ந்த வாடையோடு ஓரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு நான் உதவியிருக்கிறேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், சமவெளியிலிருந்து வந்தவர்கள், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் இறங்கியவர்கள். அவர்கள் எந்த விளையாட்டைப் பார்த்துக் கெட்டார்கள்?

உங்களுக்கு நீலகிரி என்றால் மே மாத மலர்க் கண்காட்சி, அப்புறம் யானை. 2024 மே 7-இல், வெளியூர் வண்டிகள் இங்கு வர இணையத்தில் பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்தபோது சுற்றுலாப் பயணிகளின் சிரமத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். இங்குள்ள ஓட்டுநர் ஒருவரையாவது கேட்டீர்களா? கோத்தகிரிப் படத்தைப் போட்டுக் கொடைக்கானல் என்று எழுதியதைச் சுட்டிக்காட்டி அப்போதே கடிதம் போட்டேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தினமும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவனுக்கு இது வலிக்கும் ஐயா.

எங்கள் ஊரில் மழை வலுத்தால் கரண்ட் போகும், கூடவே இணையமும் போகும். புது விளையாட்டுகள் சிலவற்றுக்கு 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். தனியாக ஆடுவதற்குக்கூட இணையம் கேட்கின்றன. 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7-இன் சர்வர் ஒரு நாளுக்கு மேல் படுத்துவிட்டது, தனியாக ஆடுகிறவர்களும் பெரும்பகுதியை ஆட முடியவில்லை. 2014-இல் வந்த தி க்ரூ என்ற பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் வட்டு இருக்கிறது, விளையாட்டு இல்லை. பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் மனம் ஆறும். அதற்கு இடமில்லை என்றால், இனி விளையாட்டு விமர்சனம் போடும்போது கீழே இரண்டு தகவல் மட்டும் சேருங்கள்: இணையம் இல்லாமல் ஆட முடியுமா, எத்தனை ஜிபி இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாடகைக் கார் ஓட்டுநர், குன்னூர்.