நைட் ஷிப்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

அம்மா போனை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்ப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நீ அவளிடம் மட்டும் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இதைப் போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பையன் விஷயம். அப்பா விழுந்துவிட்டார், மூச்சு இல்லை என்று 108-க்குக் கூப்பிட்டவன், நீ எடுத்த கால். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நெஞ்சு நடுவில் கை வைத்து அழுத்தச் சொல்லி, ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை அவனோடு சேர்ந்து நீயும் எண்ணியிருக்கிறாய். வண்டி வந்ததும் லைன் கட். உடனே அடுத்த கால். அவன் அப்பா பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமல் உனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் தெரியாது கண்ணு. பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். வீட்டில் வைத்து இதயம் நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். நெஞ்சை அழுத்தாமலும் ஷாக் கொடுக்காமலும் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று பயிற்சியில் உனக்கும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் எவ்வளவு விரட்டிப் போனாலும் அந்த நிமிடங்கள் எங்கள் கையில் இல்லை. நாங்கள் போய் இறங்கும்போது யாரும் கை வைக்காமல் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்த வீடுகள்தான் நிறைய. வேர்த்து விறுவிறுத்து ஒருவர் அழுத்திக்கொண்டிருந்த வீடுகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில், லைனில் உன்னைப் போல ஒருவர் இருந்து சொல்லிக்கொடுத்திருப்பார். அப்பாவுக்காக என்னால் ஆனதைச் செய்தேன் என்று அந்தப் பையன் நினைத்துக்கொள்ள முடியும். முடிவு எதுவாக இருந்தாலும் அது அவனுக்கு உண்டு, அது உன்னால் கிடைத்தது.

உங்கள் வேலையில் தொடக்கம் மட்டும்தான் காதில் விழுகிறது. மீதியைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு மீதியை உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் கொல்லிமலையில் 108 பைலட்டாக, அதாவது டிரைவராக இருந்தபோது, வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு பிரசவ கேஸ். ராத்திரி, மழை விட்டு பனி இறங்கியிருந்தது. சென்னையில் கால் எடுத்த பொண்ணு, கூப்பிட்டவரை எங்களோடு கான்பரன்ஸில் போட்டாள். புருஷன்காரனுக்குப் பதற்றத்தில் ஊர்ப் பேரைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. அந்தப் பொண்ணு குரலை உயர்த்தவே இல்லை. "ரோட்டுல இருந்து உங்க வீட்டுக்கு எப்படிங்க போவீங்க, நடந்தா, வண்டியிலயா?" என்று கேட்டாள். மண் பாதை, ஆம்புலன்ஸ் உள்ளே வராது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. "சரிங்க, அவங்களை நடக்க விடாதீங்க. கட்டில்ல வெச்சு ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்துருங்க. ஒருத்தரை மட்டும் முன்னாடியே டார்ச்சோட அனுப்பி, பாதை பிரியற இடத்துல நிக்க வையுங்க" என்றாள்.

அந்தப் பனியில் என் ஹெட்லைட் பத்தடிக்கு மேல் எட்டவில்லை. டார்ச் ஆடியது தெரிந்திருக்காவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன். அந்த ரோட்டில் வண்டியைத் திருப்ப இடம் தேடிப் போய் வருவதற்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். ஏற்றிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ வாந்தி எடுக்காமல் இறங்கியதே கிடையாது. பாதி மலைகூட இறங்கவில்லை, பின்னால் அந்தப் பெண்ணோடு இருந்த மருத்துவ உதவியாளர், எங்கள் இ.எம்.டி., தட்டினார். ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினேன். அங்கேயே பிறந்தது, பெண் குழந்தை. முதலில் அழவில்லை. இ.எம்.டி. வாயைத் துடைத்து, துணியில் சுற்றி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அழுதது பார், மலைக்கே கேட்டிருக்கும்.

அந்த வீட்டார் பின்னால் என்னைத் தேடி வந்து பலாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். டார்ச் நிற்க வைக்கச் சொன்ன பொண்ணுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? குழந்தை பிறந்ததுகூட அவளுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். நீ இப்போது புரண்டு படுக்கிற மாதிரி அன்றைக்கு அவளும் படுத்திருப்பாள் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. 2008 செப்டம்பரில் நம் மாநிலத்தில் 108 வருவதற்கு முன்னால், இந்த மலையில் ராத்திரி வலி எடுத்தால் யாராவது ஜீப் வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் விடியக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலி லேசுப்பட்டதல்ல.

ஜனங்கள் திட்டுகிறார்கள் என்கிறாய். "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கியே, வண்டிய அனுப்பு" என்று கத்தாதவர் யார்? நீ கேட்காமல் விட்டால் நாங்கள் எந்தப் புதூருக்குப் போவது? ஜில்லாவுக்கு எத்தனை புதூர், எத்தனை மாரியம்மன் கோயில் தெரு! தாலுகாவைக் கேள், பக்கத்தில் பள்ளிக்கூடமா ரேஷன் கடையா என்று கேள், திட்டினாலும் கேள். கத்துகிறவன் உன்னைக் கத்தவில்லை, அவனுக்கு வேறு யாரும் லைனில் இல்லை. ஆனால் குடித்துவிட்டு அசிங்கமாகப் பேசுகிறவனை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. அந்த மாதிரி கால் வந்தால் சூப்பர்வைசரிடம் சொல், பொறுத்துக்கொண்டு போகாதே.

ஒருவரோடு பேசும்போது அடுத்தவர் காத்திருப்பாரே என்ற பயம்தான் பெரிய பயம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அது நியாயமான பயம். 1935-ல் லண்டனில் ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். எதிர்வீட்டுக்காரர் போன் பண்ணியும் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் 1937-ல் அங்கே 999 என்ற அவசர நம்பர் வந்தது. உங்கள் வேலையே அந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்ததுதான். ஆனால் அதற்கு நாற்காலி, ஆள், லைன் எல்லாம் போதுமான அளவு வேண்டும். அத்தனையும் உன் ஒருத்தி தலையில் இல்லை.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கேஸை ஜி.ஹெச்.சில் இறக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரைக் கழுவிவிட்டு, நானும் இ.எம்.டி.யும் வாசலில் டீ குடிப்போம். என்ன நடந்தது என்று பேசித் தீர்ப்போம். சில நாள் இரண்டு பேரும் அழுதிருக்கிறோம். உனக்கு அந்த டீ நேரம் கிடைப்பதில்லை. அந்த மாதிரி கால் முடிந்தால் ஐந்து நிமிடம் எழுந்து போக அனுமதி கேள். பக்கத்து சீட்டுப் பிள்ளைகளோடு பேசு, அவர்களுக்கும் இதே கதை இருக்கும். முக்கியமான கேஸ்களின் முடிவை உங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பார். கால் எடுத்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று. தூக்கம் வராதது இப்படியே நீண்டால் 14416-க்குக் கூப்பிடு. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி லைன், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். ஊர் முழுக்க உன்னைக் கூப்பிடுகிறது, நீ ஒரு நம்பரைக் கூப்பிட என்ன கூச்சம்? வேலையை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தே தீர வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நீ என்ன முடிவெடுத்தாலும் நானும் அம்மாவும் உன் பக்கம்தான்.

நைட் முடிந்து வந்தால் வெறும் டீயோடு படுத்துவிடாதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு. அடுத்த மாதம் லீவு கிடைத்தால் சேந்தமங்கலம் வரை பஸ்ஸில் வா, நான் வண்டி எடுத்து வருகிறேன். கிடைக்காவிட்டால் நாங்கள் சென்னைக்கு வருகிறோம். உனக்கு எந்த வாரம் பகல் ஷிப்ட் என்று அம்மாவிடம் சொல்லிவிடு, டிக்கெட் போடுகிறேன்.

உன் அப்பா