ஓடவிட்டுப் பாருங்கள்

மாகாணப் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். தெரிவு நாளில் நடந்தது உங்களுக்கே தெரியும். வலய மட்டத்தில் 1500 மீற்றரில் முதலாவதாக வந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தீர்கள். குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னீர்கள். நாடாவைப் பார்த்துவிட்டு "உடல்வாகு போதாது" என்று அனுப்பிவிட்டீர்கள். அவள் சப்பாத்துக்கூட மாற்றவில்லை. அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கூட வந்த தாய் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைதான் என்னிடம் கேட்டாள்: "சேர், நான் ஓடவே இல்லையே?"

உயரம் பாய்தலுக்கு உயரம் பார்ப்பது நியாயம். 1500 மீற்றர் ஓடத் தேவைப்படுவது வேறு. இதயமும் நுரையீரலும் தசைகளுக்கு எவ்வளவு ஒட்சிசன் கொடுக்கின்றன, களைத்த பிறகும் காலடி குலையாமல் இருக்கிறதா என்பவைதான் முக்கியம். நாடாவில் அதெல்லாம் தெரியாது. 1996இலும் 2000இலும் ஒலிம்பிக் 10,000 மீற்றரில் தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசியின் உயரம் ஏறக்குறைய 165 சென்ரிமீற்றர்தான். அவரும் மலைப்பக்கத்துப் பிள்ளை, பள்ளிக்கு ஓடியே போய் வந்தவர்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. நாடு முழுவதற்கும் அது 17 வீதம்தான். சத்தான சாப்பாடு கிடைக்காமல் குறுகிப்போன பிள்ளையை, அந்த உயரத்தையே காட்டி வெளியே அனுப்புவது என்ன நியாயம்? சம்பளம், சாப்பாடு, சரிவில் கிடக்கும் எங்கள் மைதானம் என்று எழுதினால் மடல் முடியாது. சரி, அவை உங்கள் கையில் இல்லை. தெரிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் ஓடவிடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். பயிற்சியாளரையே காணாத பிள்ளைகளுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து மறுபடியும் ஓடவிடுங்கள். எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதும் திறமைதான்.

முகாம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து அவளைத் திரும்ப அழைத்து ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். நேரம் போதாவிட்டால் நானே அவளுக்கு எடுத்துச் சொல்லிக் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்,
தோட்டப் பாடசாலை, ஹற்றன்