செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே புகார்தான். காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும் வண்டி, சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்து டீக்கடையில் நிறுத்தினால் திரும்ப எடுக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே எடுக்கும். இதற்கு முதலில் புது பேட்டரியும், பிறகு இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் புதிதாகத் தலையில் கட்டப்படுகின்றன. பல வண்டிகளுக்கு இரண்டுமே தேவைப்படுவதில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றி இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில் என்று தேட வேண்டும். அது வேறு நோய். நாங்கள் சொல்வது செல்ஃபே சுற்றாத வண்டியைப் பற்றி.

வண்டி ஓடும்போது காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அது நின்றுபோய், எக்ஸாஸ்ட் சூடு பக்கத்தில் இருக்கும் செல்ஃப் மோட்டாரில் இறங்குகிறது. அதனால்தான் நிறுத்தி 10, 15 நிமிடம் கழித்து எடுக்கும்போது மக்கர் செய்கிறது. செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு. அதற்குள் இருப்பது தாமிரச் சுருள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறினால் சுருளின் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடும். கரண்ட் அதற்கேற்பக் குறையும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை (பிளஞ்சர்) இழுக்கும் பலமும் குறையும். புது வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். பழைய வண்டியில் சாவி சுவிட்சின் பாயின்ட் கருகி, வயர்களை இணைக்கும் கப்ளரில் பச்சை பூத்து, வழியிலேயே பாதி பலம் போயிருக்கும். மிச்சமிருப்பது ஆறிய சொலினாய்டை இழுக்கப் போதும், சூடான சொலினாய்டுக்குப் போதாது.

ஆகவே சோதனையைச் சூட்டில்தான் செய்ய வேண்டும். ஆறிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எல்லாம் சரியாகவே காட்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இரண்டையும் உறுதி செய்துகொண்டு ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் சொலினாய்டுக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து வெளிச்சம் அப்படியே இருந்தால் சொலினாய்டின் உள் பாயின்ட் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். வெளிச்சம் அடியோடு விழுந்தால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயரைப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசிக்கொண்டிருக்கலாம்.

பிறகு மல்டிமீட்டர். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. சாவியைத் திருப்பிப் பிடித்தபடி சாவி சுவிட்சிலிருந்து வயர் வந்து சேரும் சொலினாய்டின் 50ஆம் நம்பர் முனையை அளக்க வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு சாவி லைனில்தான். அடுத்து, செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறக்கிய வண்டிகளில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது செல்ஃப் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் கொதிப்பதே அதற்கு அடையாளம்.

சாவி லைன் கோளாறுக்கு மருந்து ஒரு 12 வோல்ட், 40 ஆம்பியர், நாலு பின் ரிலே; சாவியிலிருந்து வரும் சிறு கரண்டில் இயங்கி, பேட்டரி கரண்டை நேராக சொலினாய்டுக்கு அனுப்பும் சுவிட்ச் இது. செலவு சில நூறு ரூபாய். 50ஆம் முனைக்குப் போகும் பழைய வயரைக் கழற்றி ரிலேயில் 86 என்று எண் போட்ட பின்னில் கொடுங்கள். 85 பாடி எர்த். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30ஆம் பின்னுக்கு வரட்டும், அதே தடிமனில் 87இலிருந்து சொலினாய்டின் 50க்குப் போகட்டும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். ரிலேயை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காமல், பின்கள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. செல்ஃப் மோட்டாருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே கம்பெனி வைத்த தகரத் தடுப்பைப் பல இடங்களில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது திரும்ப மாட்டப்பட வேண்டும். மோட்டாரையே இறக்கியாக வேண்டும் என்றால் பிரஷ், புஷ், சொலினாய்டு பாயின்ட் மூன்றையும் ஒரே வேலையாக முடித்துவிடுவதுதான் கணக்கு.

வழியில் நின்றுபோனால் சூடான செல்ஃப் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருக்கும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும். ஸ்பேனரால் சொலினாய்டின் இரண்டு முனைகளையும் இணைத்து எடுப்பவர்கள் கியரில் இருக்கும் வண்டியைத் தங்கள் மீதே ஏற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும்விட, தொப்பூர் இறக்கத்திலோ பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையிலோ வண்டியை உருட்டி எடுக்கப் பார்க்கவே கூடாது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, அரை மணியோ ஒரு மணியோ காத்திருங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செல்ஃப் மோட்டார் மாற்றச் சொல்லும்போது, வண்டி சூடாக இருக்கையில் 50ஆம் முனையில் எத்தனை வோல்ட் வந்தது என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன்கள் சிலர்,
தருமபுரி