போனஸ் வேறு, பாராட்டு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கினாலே முதலாளிகள் தொழிலாளர்களுக்கு ஸ்வீட் பாக்ஸும் பரிசும் கொடுக்கும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். கார், பைக் கொடுத்த செய்தியும் வரும். பார்க்க மகிழ்ச்சிதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆள் நிர்வாகம் பார்க்கும் எங்களுக்கோ, தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு கார்த்திகையிலும் மிஞ்சுகிறது. கடமையாகக் கொடுக்க வேண்டியதைப் பாராட்டு என்று சொல்லிக் கொடுப்பது அதற்கு ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

போனஸை எடுத்துக்கொள்வோம். கணக்கில் கொள்ளும் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு, சட்டப்படி கொடுத்தாக வேண்டும். உச்சவரம்பு 20 சதவீதம். கணக்கில் வரும் சம்பளம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்றால் குறைந்தபட்ச போனஸ் 9,996 ரூபாய். அந்த ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி வந்துவிடும். நடுவில் நின்றுவிட்டவருக்குக் கிடையாது என்று சொல்வது தவறு. மார்ச்சில் கணக்கு முடிந்தால் எட்டு மாதத்துக்குள், நவம்பர் இறுதிக்குள், பட்டுவாடா முடிந்திருக்க வேண்டும். இதை மேடை போட்டு, மைக் பிடித்து, முதலாளியின் பெருந்தன்மையாகக் கொடுக்கும்போது, கணக்குத் தெரிந்த தொழிலாளிக்கு மனம் கசக்கிறது. கணக்குத் தெரியாதவருக்குச் சந்தேகம் வருகிறது. பக்கத்து மிஷின்காரருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கிறார், தொகை வேறாக இருக்கிறது, சண்டை தொடங்குகிறது. இதைத் தவிர்க்க ஒரு துண்டுச் சீட்டு போதும்: ஆண்டில் வேலை பார்த்த நாள், கணக்கில் எடுத்த சம்பளம், சதவீதம், பிடித்த அட்வான்ஸ், கையில் வரும் தொகை. அட்வான்ஸ் பிடிப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். பஸ் ஏறும் அன்று கவரைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

ஓவர்டைமும் அப்படித்தான். வாரம் 48 மணி நேரம் முடித்தவர் அதற்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். எட்டு மணி நேர ஷிப்டோடு இன்னொரு நான்கு மணி நேரம் பார்த்தால் இரண்டு ஷிப்ட் கூலி வர வேண்டும். ஒன்றரை மட்டும் போட்டுவிட்டு, ஷிப்மென்ட் போன மகிழ்ச்சியில் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எந்தத் தொழிலாளியும் தயாராக இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் செவ்வாய்க்குப் போகிற கம்பெனியில் என்ன பாராட்டினாலும் காதில் ஏறாது.

இவையெல்லாம் சரியாக நடக்கும் இடத்தில்தான் பாராட்டு என்ற பேச்சே தொடங்க முடியும். அங்கேயும் யாரைப் பாராட்டுவது என்பதில் பல கம்பெனிகள் சறுக்குகின்றன. அதிக பீஸ் எடுத்த டெய்லருக்கு மாதப் பரிசு என்று அறிவிக்கிறார்கள். ஒரு டி-ஷர்ட் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று பல வகைத் தையல் மிஷின்களில் கை மாறி வருகிறது. முன்னால் இருப்பவர் சுத்தமாகத் தைத்து அனுப்பியதால்தான் பின்னால் இருப்பவருக்கு எண்ணிக்கை ஏறுகிறது. பெயர் மட்டும் கடைசி மிஷினுக்குப் போகிறது. பண்டிலைப் பிரித்து அடுக்கி எடுத்துக் கொடுக்கும் கைமடி என்ற உதவியாளருக்கு ஒருநாளும் போவதில்லை. போதாக்குறைக்கு, எண்ணிக்கைக்காக ஓட்டிய தையல் ஆல்ட்ரேஷனாக, அதாவது பிரித்துத் தைக்க வேண்டிய பீஸாக, திரும்பி வரும். லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மிஷின்காரர்களுக்கு, மொத்தமாகப் பரிசு வைத்து, ஆல்ட்ரேஷன் பீஸ் குறைந்ததையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

இதைவிட முக்கியம், தவறைக் கண்டு வேலையை நிறுத்தியவரைப் பாராட்டுவது. கலர் ஷேடு மாறியது, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, எல் சைஸ் பண்டிலில் எம் லேபிள் என எதையாவது முதல் பத்து பீஸிலேயே பார்த்துக் கையைத் தூக்கும் செக்கிங் அம்மாவுக்குப் பல இடங்களில் கிடைப்பது லைன் நின்றதற்கான திட்டு. அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். ஐநூறு பீஸ் தைத்த பிறகு பிரித்துத் தைக்கும் செலவை யாரும் அவர் வாயை மூடிய நாளோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

சொல்லும் முறைக்கு வருவோம். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்பது யாருக்கும் போய்ச் சேராது. "செல்விக்கா, நேத்து லேபிள் மாறியிருக்குன்னு முதல் பண்டில்லயே சொன்னீங்க, அதனாலதான் லோடு நேரத்துக்குப் போச்சு" என்று பெயர், செய்த வேலை, அதனால் நடந்தது மூன்றும் வர வேண்டும். அந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். பதினோரு மணி டீயில், லைன் ஆட்கள் காதில் விழும்படி இரண்டு நிமிடம் போதும். ஆண் சூப்பர்வைசர் ஒருவர் இளம்பெண் ஒருவரையே அடிக்கடி பாராட்டினால் ஊர் பேசும், அந்தப் பெண் வேலையை விட்டே போய்விடுவார். அங்கே பெண் சூப்பர்வைசர் சொல்லட்டும், அல்லது லைனையே சேர்த்துச் சொல்லட்டும். ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்களை "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிட்டுக்கொண்டு பாராட்டு விழா நடத்துவது வீண். முழுப் பெயரைக் கேட்டுச் சரியாக எழுதுங்கள், சரியாகக் கூப்பிடுங்கள். பாதிப் பாராட்டு அதிலேயே முடிந்துவிடும்.

முழு வருகைக்கு ஊக்கத்தொகை நல்ல யோசனைதான், ஒரு திருத்தம் வேண்டும். 26 நாளும் வந்தால் 600, ஒருநாள் விட்டாலும் பூஜ்யம் என்று வைத்தால், ஐந்தாம் தேதி காய்ச்சலில் படுத்தவருக்கு மீதி மாதம் வர எந்தக் காரணமும் இல்லை. காய்ச்சலோடு வருபவர் பக்கத்து மிஷினுக்கும் ஒட்டிவிடுவார். 26 நாளுக்கு 600, 25-க்கு 450, 24-க்கு 300 என்று படிப்படியாக இறக்கினால் இந்த இரண்டு கேடும் குறையும்.

பரிசுப் பொருளில் நடக்கும் பெரிய தப்பு, கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடுவது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் ஆண்டு முழுக்க ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர், ரோலில் பெயர் இல்லை என்பதற்காக மற்றவர்கள் பெட்டி வாங்குவதை நின்று பார்க்கிறார். அந்தப் பார்வையை ஒருமுறை கவனித்த எந்த நிர்வாகியும் மறுமுறை அதைச் செய்யக் கூடாது. சம்பளப் பட்டியலை வைத்து ஆர்டர் போடாமல் தளத்தில் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். வாட்ச்மேன், கூட்டுபவர், பாய்லர்காரர், டிரைவர் எல்லோரும் அதில் வரட்டும். நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சொல்லி வையுங்கள். ஸ்டாஃபுக்குப் பெரிய பெட்டி, லேபருக்குச் சின்னப் பெட்டி என்று ஒரே மேசையில் அடுக்காதீர்கள். ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் முன்பே பகலில் கொடுத்துவிட வேண்டும். ரயிலில் இரண்டு நாள் போகிறவருக்குக் குக்கர் சுமைதான், வேட்டி சேலையோ பெட்ஷீட்டோ மடித்து வைத்துக்கொள்வார். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதற்குச் செலவே இல்லை.

எங்களுக்குத் தெரிந்தவரை இந்த ஊரில் யாரும் கொடுக்காத ஒன்றும் இருக்கிறது: கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். இன்னார், இத்தனை ஆண்டு, பேட்லாக் மிஷினில் இன்ன வேலையில் தேர்ந்தவர் என்று எழுதி முதலாளி கையெழுத்துப் போட்டது. வேறு இடத்துக்கு ஓடிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். போக நினைப்பவர் கடிதம் இல்லாமலும் போவார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு, போனஸ் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு எளிய தமிழில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். வெட்டி எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவில், பக்கத்திலேயே இந்தியிலும் இருந்தால், எங்கள் தளங்களில் எல்லோருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
பின்னலாடை நிறுவனங்களில் பணியாளர் நலன் பார்ப்பவர்கள் சிலர்,
திருப்பூர்.