உயர்த்திய வண்டியின் அடியிலும் ஒரு படம் எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு பழைய எஸ்யூவியை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, பளபளப்பில்லாத நிறம் அடித்து அடையாளமே தெரியாமல் மாற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். எனக்கும் அதே ஆசை இருந்தது, செய்தும் பார்த்தேன். ஆனால் நீங்கள் போட்ட படங்கள் எல்லாமே முன்னாலும் பக்கவாட்டிலும் நின்று எடுத்தவை, வண்டிக்கு அடியில் படுத்து எடுத்தது ஒன்றுகூட இல்லை. உயர்த்திய வேலை சரியா தப்பா என்பது அங்கேதான் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

என் வண்டிக்கு 15 வயது. தினமும் வேலைக்குப் போய்வர ஓட்டுகிறேன், தார்ச்சாலையை விட்டு அது இறங்குவது வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்ற தடித்த துண்டு வைத்து 75 மி.மீ. தூக்கிக் கொடுத்தார்கள், ஒரே நாளில் வேலை முடிந்தது. பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. ஆனால் மூன்றாவது நாள் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது வண்டி தன் போக்கில் இடமும் வலமும் அலைய ஆரம்பித்தது, ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் போனது. ஒரு திருப்பம் முடிந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரவே இல்லை.

வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் காட்டியபோதுதான் காரணம் புரிந்தது. என் வண்டியில் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் ஒரே துண்டு, இரண்டு நீளமான கைகள் அதைப் பிடித்திருக்கும். உடலை மேலே தூக்கினால் அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாயும், அதோடு சேர்ந்து ஆக்சிலும் கொஞ்சம் சுழன்றுவிடும், அப்போது காஸ்டர் கோணம் குறைந்துபோகும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பது அது நேராக ஓட உதவுகிறது இல்லையா, அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடும் அதே நீளத்தில் இருந்ததால் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருந்தது. ஷாக் அப்சார்பர் பழைய நீளமே, அதனால் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், அது முழுக்க விரிந்து டக்கென்று முட்டும்.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியது சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் குழாயான பிரேக் ஹோஸ்தான். சக்கரம் தொங்கும் நிலையில் அது தந்திக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அந்த வண்டியில்தான் நான் என் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் பெரிய பள்ளமாக இருந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வண்டிகளில் பிரச்சினை வேறு இடத்தில் வரும். அங்கே இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட் அதிகச் சாய்வில் சுழல வேண்டியிருக்கும், அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், கடைசியில் திருப்பத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும்.

வண்டி கவிழும் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 1,500 மி.மீ., மையம் 700 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், விடை 1.07. மையம் 50 மி.மீ. மேலே போனால் அதே வண்டிக்கு விடை 1.00 ஆகிவிடும். எண் குறையக் குறைய வண்டி சீக்கிரம் கவிழும். இதற்கு மேல் கூரையில் இரும்பு கேரியர், அதில் ஒரு ஸ்பேர் டயர் என்று ஏற்றினால் எண் இன்னும் இறங்கும். திடீரென்று குறுக்கே வந்தவருக்காக ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு நொடியில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது, சஸ்பென்ஷனை உயர்த்தினால் வண்டி முழுக்க மேலே போய்விடும் என்று. ஒரே துண்டு ஆக்சில் உள்ள வண்டியில் ஆக்சிலோடு சேர்ந்து தாழ்ந்து நிற்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் ஒரு மி.மீ.கூட உயராது, உடல்தான் உயரும். அடிப்பாகத்தின் அந்தத் தாழ்ந்த இடத்தை டயர் மட்டுமே உயர்த்தும், அதுவும் கொஞ்சம்தான். 265/70ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ., அதை எடுத்துவிட்டு 285/70ஆர்17 போட்டால் 831 மி.மீ. பாதி விட்டம்தான் கணக்கு என்பதால் ஆக்சில் உயர்வது 14 மி.மீ. மட்டுமே. அந்த 14 மி.மீ.க்காக முடுக்கமும் பிரேக்கும் மந்தமாகும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது அது பழைய டயரோடு இருந்ததை விட 3.5 சதவீதம் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருப்போம்.

அப்புறம் ஹெட்லைட். இதை யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து தெரிகிறது என்று முன்பக்கத்தை மட்டும் 30 மி.மீ. தூக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. லோ பீம் பொதுவாக 1 சதவீதம் கீழே இறங்கும்படி வைத்திருப்பார்கள், அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. கீழே. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,700 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கம் மட்டும் 30 மி.மீ. உயர்ந்தால் வெளிச்சம் 1.1 சதவீதம் மேலே திரும்பிவிடும். இருந்த இறக்கம் முழுக்கப் போய்விட்டது பாருங்கள். ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்குக்குள் எல்இடி பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறி நிலைமை இன்னும் மோசமாகும். எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவருக்குச் சாலையே தெரியாது. ஒரு ஸ்க்ரூட்ரைவரும் ஒரு சுவரும் இருந்தால் திருத்திவிடலாம், பத்து நிமிட வேலை!

நான் கடைசியில் ஸ்பேசர்களைக் கழற்றிவிட்டேன். ஆசையை விட்டுவிடவில்லை. முதலில் எல்லா ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் மாற்றினேன், 15 வருடத்தில் ஸ்பிரிங்குகளே தளர்ந்து வண்டி இறங்கிப் போயிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. புது ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர், நீளமான பிரேக் ஹோஸ், காஸ்டரைத் திருத்தும் புஷ், நீளத்தைச் சரிசெய்யக்கூடிய பேன்ஹார்ட் ராடு, கடைசியில் வீல் அலைன்மென்ட். இப்போது பழைய அளவை விட 40 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. டயர், வண்டிக் கம்பெனி கொடுத்த அதே அளவுதான், ஆனால் சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை. சாலையில் ஓட்டுபவர்களுக்குச் சேற்று டயர் வேண்டவே வேண்டாம், இரைச்சலும் அதிகம், ஈரச் சாலையில் பிடிப்பும் குறைவு.

தோற்றத்துக்கு நிறம் அடிக்கும் முன் துருவைச் சுரண்டி எடுத்துப் பிரைமர் அடித்தேன். சக்கர வளைவுகளுக்கு மேல் ஒட்டும் கறுப்பு பிளாஸ்டிக்கைக் கழற்றியபோது உள்ளே ஈர மண் தேங்கித் தகடே அரித்துப் போயிருந்தது. அதனால் புதிதாகப் போடுபவர்கள், போட்ட ஓட்டைகளைப் பெயின்ட் வைத்து மூடிவிட்டு, வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்ததே வண்டிக்குப் பாதி வயதைக் குறைத்துவிட்டது. 75 மி.மீ. உயரத்தில் இருந்தபோது என் அம்மா ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இப்போது அவரே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைப் பற்றி எழுதும்போது எத்தனை மி.மீ. உயர்த்தினார்கள், ஷாக் அப்சார்பரையும் பிரேக் ஹோஸையும் மாற்றினார்களா, அலைன்மென்ட் தாளில் காஸ்டர் எவ்வளவு, ஹெட்லைட்டை இறக்கி வைத்தார்களா என்று கேட்டு நான்கு வரி போடுங்கள். அடியில் எடுத்த படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்