மலரில் வரும் ‘ஐதீகம்’

அன்புள்ள சங்கரா,

கும்பாபிஷேக மலரின் மெய்ப்பு கிடைத்தது. எழுத்துப்பிழை அதிகமில்லை. ஆனால் பக்கத்துக்கு நாலு இடத்தில் ‘என்பது ஐதீகம்’ என்று முடித்திருக்கிறாய். ‘மரபான நம்பிக்கை என்றுதானே பொருள், எங்கே போட்டால் என்ன?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தாய். எங்கே வேண்டுமானாலும் போட முடியாது என்பதற்கு அந்தச் சொல்லிலேயே காரணம் இருக்கிறது.

வடமொழியில் அது ‘ஐதிஹ்யம்’. ‘இதி ஹ’ என்றால் ‘இப்படித்தானாம்’. இதிகாசமும் அந்த வேரில் பிறந்ததுதான். இன்னார் சொன்னது என்று பெயர் குறிக்காமல் வழிவழியாக வரும் பேச்சு என்று, தர்க்க நூலான நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்கு விளக்கம் தருகிறார். அங்கே வழக்கமாகச் சொல்லும் உதாரணம், ‘இந்த ஆலமரத்தில் யட்சன் குடியிருக்கிறான்’. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி என்ற தர்க்கவாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், ‘ஐதிக’மும் ஒன்று. அவன் காட்டுவதும் மரத்தைத்தான். ஆனால் யட்சன் போய்ப் பேய் வந்துவிட்டது! சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் ஐதிகத்தை அளவைகளோடு சேர்த்து எண்ணிவிட்டு, எல்லாமே காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூல் சொல்வது) என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது.

ஆக, சொன்னவர் பெயர் தெரியாததுதான் ஐதீகம். இதை வைத்துக்கொண்டு மலரைப் பார்.

இரண்டாம் பக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்ததை ஐதீகம் என்கிறாய். அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் கொடுத்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று மாற்று. அடுத்த பத்தியிலேயே விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் ஐதீகம்! வெயிலில் போய் நின்றால் நிழல் தெரியும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது பொய்யாக இருந்தால் ஐதீகம் என்ற போர்வை அதைக் காப்பாற்றாது. அந்த வரியை எடுத்துவிடு.

‘இங்கு நெய்விளக்கு ஏற்றினால் திருமணத் தடை நீங்கும் என்பது ஐதீகம்.’ தினத்தாள்கள் இப்படித்தான் எழுதுகின்றன, அகராதிகளும் இடம் கொடுக்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. இனி நடக்கப்போவதைப் பற்றியது நம்பிக்கை. முன்பு நடந்ததாகச் சொல்லப்படுவது ஐதீகம். ‘அகத்தியர் இங்கு வழிபட்டார் என்பது ஐதீகம்’ என்றால் பொருத்தம். அதையே தலபுராணம் சொல்லியிருந்தால் தலபுராணத்தின் பெயரைப் போடு. ஆதாரத்தின் பெயர் தெரிந்த பிறகும் ஐதீகம் என்று எழுதுவது சோம்பல்.

அழகர் ஆற்றில் இறங்கும் பகுதியில்தான் குழப்பம் அதிகம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்து, அது முடிந்துவிட்டது என்று கேட்டு ஆற்றோடு திரும்புகிறார் என்பது ஜனங்கள் சொல்வது. துர்வாசர் சாபத்தால் தவளையான முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் என்பது கோயில் சொல்வது. நீ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணித்து ‘ஐதீகம்’ என்று பூட்டிவிட்டாய். வாசிப்பவனுக்கு இரண்டும் ஒரே கதை போலத் தெரிகிறது. ‘மதுரை மக்கள் வழக்கில்’, ‘கோயில் மரபில்’ என்று தனித்தனியாகப் பிரித்து எழுது.

பின்பக்கத்தில் ‘ஐதீகமான குடும்பம்’ என்று ஒன்று வருகிறது. மடி, தீட்டுப் பார்க்கிறவர்களைச் சொல்கிறாய் என்றால் அது ஆசாரம். வேத வழியைச் சொல்கிறாய் என்றால் வைதீகம். ஒலி நெருக்கத்தில் வைதீகம் ஐதீகத்தோடு கலந்துவிடுகிறது. ‘ஐதீகமாக நம்பப்படுகிறது’, ‘ஐதீக நம்பிக்கை’ இரண்டிலும் ஒரே சங்கதியை இருமுறை சொல்கிறாய்.

ஐதிகமா ஐதீகமா என்றும் கேட்டிருந்தாய். பழைய நூல்களில் குறில். இன்று நெடில்தான் வழக்கு. வைதிகம் வைதீகமானது போல. மலருக்கு நெடிலே போதும். வைணவக் கட்டுரையில் மட்டும் ‘ஐதிஹ்யம்’ என்று இருப்பதைத் தொடாதே. திவ்யப்பிரபந்த வியாக்கியானங்களில் அதற்கு ஆசாரியர்கள் வாழ்க்கையில் நடந்த சம்பவம் என்று தனிப்பொருள் உண்டு. அங்கே சொன்னவர், கேட்டவர் பெயரெல்லாம்கூட வரும். அந்தக் கட்டுரையாளர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். மலையாளத்தில் இதே சொல்லுக்குப் பழங்கதை என்று பொருள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ அப்படித் திரட்டியதுதான்.

திருத்திய தாள்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் சுழித்தவை கட்டாயம் மாற வேண்டும். பென்சில் குறி உன் விருப்பம். படங்களுக்கு அடியில் வரும் வரிகளை நீ அனுப்பவே இல்லை. அவற்றிலும் எத்தனை ஐதீகம் ஒளிந்திருக்கிறதோ, அச்சுக்குப் போகுமுன் அனுப்பு.

அன்புடன்,
முத்து