தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டியவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் முகாமுக்கு முந்தைய நாளில் எங்களோடு வெயிலில் அலைந்த அனைவருக்கும் சென்னை ஊழியக் குழுவினரின் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

முகாமுக்கான நன்றியை நிறைவு ஆராதனையிலேயே தெரிவித்துவிட்டோம். இம்மடல் அந்த முந்தைய நாளுக்கு மட்டுமே உரியது. இரவெல்லாம் ரயிலில் வரும் எங்கள் குழுவின் பிள்ளைகள் இளைப்பாறட்டும் என்று நிகழ்ச்சி நிரலில் நாங்கள் வெறுமையாக விட்டிருந்த நாள் அது. விடியுமுன்பே மயிலாடுதுறை நிலையத்தில் வேனோடு காத்திருந்த ஓட்டுநர் அண்ணன் தொடங்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வேலையை விட்டுவிட்டு அதை நிரப்பினீர்கள்.

எங்களை அழைத்துச் சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குத் தனியே நன்றி கூற வேண்டும். அவர் எங்களை முதலில் ஆலயத்துக்கு அழைத்துச் செல்லாமல், 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கிய கடற்கரைக்கே கூட்டிச் சென்றார். டென்மார்க்கு அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிவைத்த அவர்களுக்கு அன்று டேனிஷ்காரர்களின் வசமிருந்த இவ்வூரில் அதே அரசரின் ஆளுநரிடம் நல்ல வரவேற்பு கிடைக்கவில்லை என்பதையும், பிணக்கு முற்றி 1708இன் இறுதியில் சீகன்பால்க் நான்கு மாதம் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டதையும், அந்தக் கோட்டையின் உள்ளே நின்றே எடுத்துரைத்தார். வந்திறங்கியபோது சீகன்பால்குக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை என்று கேட்டதும் எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுள் பலருக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான். கோட்டை அருங்காட்சியகத்தின் ஊழியர்கள், எங்கள் கூட்டத்தின் சலசலப்பைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் போதிய நேரம் நிற்க விட்டதை மறவோம்.

அச்சுக்கூடத்தின் கதையை ஐயா சொல்லக் கேட்டது அந்நாளின் சிறந்த பகுதி என்பது என் கருத்து. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் கட்டுப்படியாகவில்லை. எனவே இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்றும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது என்றும் அவர் விவரித்தபோது, எங்கள் குழுவில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி எழுத்தின் அளவையும் மையையும் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டு எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டான். ஐயா சிறிதும் சலித்துக்கொள்ளவில்லை. மறுநாள் முகாமில் வேதபாடம் எடுக்க வேண்டியிருந்த அத்தம்பி, நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பை மடித்து வைத்துவிட்டு இந்தக் கதையிலிருந்தே தொடங்கினான். அது முகாமுக்கு வந்திருந்த பிள்ளைகளின் சொந்த ஊர்க் கதை ஆகையால், அவர்கள் அவனைத் திருத்தியும் கூடுதலாகச் சொல்லியும் முதல் மணி நேரத்திலேயே கூச்சம் நீங்கிப் பேசத் தொடங்கினார்கள்.

முகப்பில் அரச முடியும் 1718 என்ற ஆண்டும் பொறித்த புது எருசலேம் ஆலயத்தைத் திறந்துவைத்து, பீடத்துக்கு முன்னுள்ள சீகன்பால்கின் கல்லறையருகே நாங்கள் ஒரு கீர்த்தனை பாடி முடிக்கும்வரை காத்திருந்த ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளைக்கும் எங்கள் நன்றி.

ஆசிரியர் ஐயா அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் பாண்டியன் குலசேகரன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டாமல் அனுப்ப அவருக்கு மனமில்லை. செருப்பைத் தொலைவிலேயே கழற்றச் சொல்லி, குரலைத் தாழ்த்தச் சொல்லி, கடல் அரித்த பகுதி எது என்று விளக்கினார். இந்த ஊரின் கதை நம் திருச்சபையோடு தொடங்கியதன்று என்பதை இளையோர் அறிந்திருப்பது நல்லது என்றே நானும் எண்ணுகிறேன்.

மீனவர் குடியிருப்பில் எங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்த அம்மாக்களே, 2004 ஆழிப்பேரலையைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். அதைப் பிள்ளைகளிடம் நம்பிச் சொன்னதற்காக நன்றி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆக்கிப் போட்ட சங்கரா மீன் குழம்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் நீளும். மீன் உண்ணாதவர்களுக்கென்று, நாங்கள் சொல்லாமலேயே, தனியடுப்பில் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் செய்திருந்தீர்களே, அந்த அக்கறையை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஓட்டுநர் அண்ணன் கூடுதலாக ஓடிய தூரத்துக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். டீசல் செலவுக்கான தொகையை ஆயர் ஐயாவிடம் அனுப்பியிருக்கிறோம். அண்ணன் தட்டாமல் பெற்றுக்கொள்ளும்படி ஐயா அவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வழியில் உண்ணச் சோறு கட்டித் தந்த தூக்குவாளிகளும், எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தின் பிரதிகளும் அதே பொதியில் உள்ளன.

கிறிஸ்துவின் பணியில்,
ஊழியக் குழுவின் சார்பில்,
குழுத் தலைவர்